படத்தில் வெட்டப்பட்ட லாரி

கடந்த வாரம் எங்களுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. சென்னை நகரத்தின் அறியப்படாத மூலைகளைப் படம்பிடித்திருக்கும் இளம் கலைஞர்களின் புகைப்படக் கண்காட்சி. முகப்பில் ஒரு குறுகலான சந்து, நடுவில் திறந்த சாக்கடை, அதைத் தாண்டிக் குதிக்கும் ஒரு சிறுவன். அனுப்பியவர் எங்கள்மீது அன்பு கொண்ட நண்பர்தான். "உங்க ஏரியா மாதிரியே இருக்கு, அவசியம் வாங்க" என்று கீழே எழுதியிருந்தார்.

அதை எங்கள் இரவுப் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டினோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாண்ணா மூலைன்னு போட்டுக்கிறாங்க? இது தெரு தான?"

அவளுக்கு உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. நண்பருக்கும் இன்னும் பதில் எழுதவில்லை. போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்னால், இரண்டு ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் ஒரு விஷயத்தை இங்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

எங்களைப் பற்றிப் புதிதாக வாசிப்பவர்களுக்காக இரண்டு வரி. வடசென்னையின் ஒரு குடியிருப்பில் நாங்கள் நான்கு பேர் வேலை செய்கிறோம். இருவர் அந்தத் தெருவிலேயே பிறந்தவர்கள். மற்ற இருவர் வேறு மாவட்டச் சேரிகளிலிருந்து சமூகவியல் முதுகலை படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். பகலில் மனு எழுதுவது, சான்றிதழுக்கு அலைவது, ஆஸ்பத்திரிக்குத் துணை போவது. மாலையில் இரவுப் பள்ளி. எந்த வேலையையும் தனியாளாகச் செய்ததில்லை என்பதால் எழுதும்போதும் ‘நாங்கள்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம்.

2024 தொடக்கத்தில், எங்கள் இரவுப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் அப்பா இறந்துபோனார். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயு தாக்கி உள்ளேயே மயங்கி விழுந்தார். தீயணைப்புத் துறை வந்து தூக்கியபோது உயிர் இல்லை. முப்பத்தாறு வயது.

மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு அதற்கடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். "அவரை நான் வேலைக்கே கூப்பிடவில்லை, யாரென்றே தெரியாது, எதற்கு இறங்கினாரோ" என்றார் ஒப்பந்ததாரர். "நாங்கள் ஒப்பந்ததாரரிடம்தான் சொன்னோம், அவர் யாரை அனுப்பினார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்" என்றது குடியிருப்புச் சங்கம். காவல் நிலையத்தில் தவறி விழுந்து மரணம் என்று எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள், பால் தெளிக்கும் முன்பே, ஒரு பெரிய மனிதர் மூலம் பேச்சு வந்தது. மூன்று லட்சம் தருகிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள். தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் அழைப்போம். இங்கும் அப்படியே எழுதுகிறோம். அக்கா கையெழுத்துப் போடவில்லை. ஆனால் போடச் சொல்லி வீட்டுக்குள்ளேயே நெருக்கடி இருந்தது. "செத்தவன் திரும்பி வரப்போறதில்ல, புள்ளைங்களுக்காவது ஆவும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். அவர்களைக் குறை சொல்ல நாங்கள் யார்? வாடகை பாக்கி மூன்று மாதம் நின்றது.

எங்களிடம் ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ., எதுவும் கிடையாது. கூலி அன்றன்றைக்குக் கையில். காலையில் "வா" என்று கூப்பிட்ட போனும் அவர் சட்டைப் பையிலேயே தொட்டிக்குள் போய்விட்டது. அழைப்புப் பட்டியலை எடுங்கள் என்று மனு கொடுத்தோம். பார்க்கலாம் என்றார்கள். பதினான்கு ஆண்டுகள் இந்த நகரத்தின் கழிவை அள்ளிய ஒரு மனிதர், அந்த வேலையைச் செய்தார் என்பதற்கே சாட்சியில்லை.

நான்கு மாதம் கழித்து, நகரத்தின் தென்பகுதியில் ஒரு தனியார் கலைக்கூடத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. எங்களில் ஒருவர் கல்லூரித் தோழி ஒருவரின் அழைப்பில் போயிருந்தார். வெள்ளைச் சுவர், குளிர்சாதனம், ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு சிறு விளக்கு. மீன் சந்தையின் விடியற்காலை, ரயில் பாலத்தின் அடியில் தூங்குபவர்கள், குப்பைமேட்டில் புகை. உள் அறையில் ஒரு பெரிய படம். சாலை நடுவே திறந்த மேன்ஹோல், அதிலிருந்து மார்புக்கு மேல் வெளியே தெரியும் ஒரு மனிதர். தலையில் கட்டிய துண்டு. முகம் முழுக்கச் சேறு. வலது கை தார்ச்சாலையில் ஊன்றியிருக்கிறது. அந்தக் கையில் பச்சை குத்தியிருக்கிறது.

பச்சை குத்தியிருந்தது அவருடைய மகளின் பெயர். எங்கள் வருகைப் பதிவேட்டில் தினமும் நாங்கள் கூப்பிடும் பெயர்.

படத்தின் கீழே இருந்த அட்டையில் கலைஞரின் பெயர், காகிதத்தின் வகை, எத்தனை பிரதிகள் அச்சிடப்பட்டன, விலை எல்லாம் இருந்தன. படத்தில் இருப்பவரைப் பற்றி ‘துப்புரவுத் தொழிலாளி, சென்னை’ என்று மட்டும். பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. விற்றுவிட்டது என்று பொருளாம்.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் எங்களுக்குள் பேசினோம். அவரிடம் கேட்காமல் அவருக்காக முடிவெடுப்பதும் ஒருவித அதிகாரம்தான் என்று கடைசியில் தோன்றியது. போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டாமல், இப்படி ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னோம். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிட்டு வரேன், கூட்டினு போங்க" என்றார்.

மூன்று பஸ் மாறிப் போனோம். வாசலில் இருந்த காவலாளி எங்கள் நான்கு பேரை விட்டுவிட்டு அக்காவை மட்டும் நிறுத்தினார். "யாரைப் பாக்கணும்?"

"எங்க வூட்டுக்காரரை" என்றார் அக்கா.

காவலாளிக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு வழிவிட்டார். அவரும் எங்களைப் போன்ற ஏதோ ஒரு தெருவிலிருந்து வந்து அங்கே நிற்பவர்தான்.

படத்தின் முன்னால் அக்கா அழுவார் என்று பயந்து பக்கத்திலேயே நின்றோம். அவர் அழவில்லை. மெல்லக் கிட்டே போய், "இந்தத் துண்டத்தான் வூடு பூரா தேடினு இருந்தேன்" என்றார். பிறகு படத்தின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தடித்த குழாய் மேன்ஹோலிலிருந்து கிளம்பி, படத்தின் விளிம்பில் முடிந்துபோயிருந்தது. கலைக்கூடத்துக்கு வந்த எத்தனையோ பேர் அதைப் பார்த்திருப்பார்கள். நாங்களும் பார்த்திருந்தோம்.

"இது ஓஸு. லாரியிலேர்ந்துதான வரும்?" என்றார் அக்கா. "லாரி எங்க?"

சமூகவியல் வகுப்பில் நாங்கள் ஜேக்கப் ரீஸைப் படித்திருக்கிறோம். டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்து நியூயார்க்கில் போலீஸ் செய்தி எழுதியவர். 1880களின் கடைசியில் புதிதாக வந்த ஃபிளாஷ் பொடியை எடுத்துக்கொண்டு, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் கட்டடங்களுக்குள் இரவில் நுழைந்து படமெடுத்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் திடீர் வெளிச்சத்தில் மிரண்டு விழித்தார்கள். பார்வையற்றவர்கள் குடியிருந்த ஓர் அறையில் படமெடுத்தபோது அந்தப் பொடியிலிருந்து தீப்பற்றியதை அவரே எழுதியிருக்கிறார். 1890இல் அவருடைய புத்தகம் வந்தது. வசதியான நியூயார்க் அதிர்ந்துபோனது. சட்டங்கள் வந்தன. அவர் படமெடுத்த மல்பெரி பெண்ட் பகுதி இடிக்கப்பட்டு 1897இல் அங்கே பூங்கா திறந்தார்கள். புகைப்படத்தால் உலகத்தை மாற்ற முடியும் என்பதற்கு உதாரணமாக இதைத்தான் வகுப்பில் சொல்வார்கள். மிரண்டு விழித்தவர்களிடம் யாராவது எதையாவது கேட்டார்களா என்று தேர்வில் கேள்வி வந்ததில்லை.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எடுத்த படங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. எலும்பும் தோலுமான மனிதர்களைக் கூட்டமாக உட்காரவைத்து எடுத்தவை. அவர்களுக்குச் சோறு போட என்ன செய்தார் என்ற கேள்வி அவர் காலத்திலேயே எழுந்தது. ஹூப்பரின் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. படத்தில் இருக்கும் நம் மூதாதைகளின் பெயர்கள் வரவில்லை.

கலைக்கூடச் சுவரில் இருந்த அட்டையும் அந்த வழியில் வந்ததுதான்.

படமெடுத்த இளைஞரைக் கலைக்கூடத்துக்காரர்கள் போனில் வரவழைத்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து முகம் வெளுத்து வந்தார். அக்காவைக் காட்டி, படத்தில் இருப்பவரின் மனைவி என்றோம். அவர் இறந்துவிட்டார் என்றோம். அந்தத் தம்பிக்குப் பேச்சு வரவில்லை. அவர் நல்லவர். இதைப் படிப்பவர்கள் அவரை வில்லனாக நினைத்துவிட வேண்டாம். கோபம் வந்தது உண்மை, ஆனால் அந்தக் கோபம் அவர் ஒருவர்மேல் மட்டும் கொட்டித் தீரும் அளவில் இல்லை.

"அண்ணன் பேரு கேட்டீங்களா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

"அவங்க வேலையா இருந்தாங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு நெனச்சேன்."

"மேன்ஹோல்ல ஆள எறக்குறது சட்டப்படி குத்தம்னு தெரியுமா?"

தெரியாது என்றார்.

அதற்குள் அக்கா அவரைப் பார்த்து, "தம்பி, லாரி எங்க?" என்றார்.

மடிக்கணினியைத் திறந்து காட்டினார். மூலப்படம் அகலமாக இருந்தது. சுவரில் மாட்டியதைப் போல ஒன்றரை மடங்கு. வலப்பக்கத்தில் ஒரு லாரி நின்றது. பின்பக்கத் தொட்டியில் ‘கழிவுநீர் ஊர்தி’ என்று மஞ்சள் எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு செல்போன் எண். அதற்கும் கீழே வண்டியின் பதிவு எண். லாரியின் படிக்கட்டில் சாய்ந்து, ஒரு கையில் போனும் மறுகையில் டீ கிளாஸுமாக நின்றுகொண்டிருந்தார் ஒப்பந்ததாரரின் மேஸ்திரி. "அவரை எனக்குத் தெரியவே தெரியாது" என்று காவல் நிலையத்தில் சொன்னவர்களில் ஒருவர். கோப்பில் தேதியும் நேரமும் பதிவாகியிருந்தன. மரணத்துக்கு ஏழு வாரங்களுக்கு முன்பு.

ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டோம். லாரி இருந்தால் கண் அங்கே போய்விடுகிறது, மனிதர்மீது நிற்பதில்லை, அதனால் வெட்டினேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கலைக்கூடத்தின் இலக்கணப்படி அது சரியான முடிவு. வெட்டிய பிறகு படம் இன்னும் அழகாகத்தான் இருந்தது.

ஆனால் வெட்டிய பிறகு என்ன மிச்சமிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் தானாகவே பூமிக்குள்ளிருந்து முளைத்து நிற்பதைப் போலிருந்தது. அனுப்பியவரும், வாடகைக்கு லாரி விட்டவரும், டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவரும் இல்லை. "யாரென்றே தெரியாது, எதற்கு இறங்கினாரோ" என்று ஒப்பந்ததாரர் போலீஸில் சொன்ன கதையும், சுவரில் மாட்டியிருந்த படமும் ஒன்றேதான். ஒருவர் தப்பிக்கச் சொன்னார், மற்றவர் அழகுக்காக வெட்டினார்.

நகரத்தின் மறைந்த மூலை என்று எதைச் சொல்கிறோம் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான். எங்கள் தெரு யாருக்கும் மறைந்திருக்கவில்லை. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கிருந்து கிளம்பும் ஆணும் பெண்ணும் நகரத்தின் எல்லா வீதிக்கும் போகிறார்கள். உங்கள் குடியிருப்பின் தொட்டி எத்தனை அடி ஆழம் என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும். நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கப்பட்டு, 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம் முதல் கண்ணகி நகரிலும் பிறகு பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்களும் மறைந்துபோகவில்லை. பஸ் பிடித்துப் பழைய வேலைக்கே வந்துபோகிறார்கள். உண்மையில் மறைந்திருப்பது அந்தச் சந்தையும் சாக்கடையையும் அங்கே வைத்திருக்கும் கை. அந்தக் கையில்தான் சாதி இருக்கிறது. கேமரா சந்துக்குள் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறது, அந்தக் கையைப் பார்ப்பதில்லை. தற்செயலாக ஒருநாள் அது படத்துக்குள் விழுந்தால், கண்ணை உறுத்துகிறது என்று வெட்டிவிடுகிறோம்.

அந்தத் தம்பி மூலக்கோப்பைக் கொடுத்தார். எங்கே, எப்போது எடுத்தேன் என்று பிரமாணப் பத்திரமும் எழுதிக் கொடுத்தார். தயங்கியது உண்மை, அவர் வீட்டில் பயந்தார்கள். ஆனாலும் கொடுத்தார். வழக்கறிஞர் தோழர் அதை வைத்து மனு போட்டார்.

படிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டியல் சாதியினரை மனிதக் கழிவு அகற்றும் வேலையில் ஈடுபடுத்துவது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஜெ)யின் கீழும் குற்றம். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27இல் சொன்னது. 2023 அக்டோபர் 20இல் வந்த தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. அக்காவிடம் நீட்டப்பட்ட வெற்றுத்தாள் அந்தத் தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே நீட்டப்பட்டது. தீர்ப்பு பற்றி அந்தப் பெரிய மனிதருக்குத் தெரிந்தே இருந்தது. எங்கள் தெருவுக்குத் தெரியாது என்பதுதான் அவர் கணக்கு.

ஏழு வாரத்துக்கு முந்தைய படம், இறந்த நாளில் என்ன நடந்தது என்பதைக் காட்டாது. எதிர்த்தரப்பு அதைத்தான் வாதாடியது. ஆனால் "யாரென்றே தெரியாது" என்ற பொய் அந்தப் படத்தோடு உடைந்தது. ஒரு பொய் உடைந்ததும் அழைப்புப் பட்டியல் வந்தது. உடன் வேலை செய்த இன்னொருவர், அதுவரை வாய் திறக்காதவர், சாட்சி சொல்ல முன்வந்தார். முதல் தகவல் அறிக்கையில் பிரிவுகள் மாறின. இழப்பீடு இரண்டு தவணையாக வந்து சேர ஓராண்டுக்கு மேல் பிடித்தது. குற்ற வழக்கு இன்னும் நடக்கிறது. மேஸ்திரி ஜாமீனில் இருக்கிறார். அதே வண்டி இன்றும் ஓடுகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெற்றிக் கதையாகிவிடும்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் எங்கள் அலுவலக அலமாரியைத் திறந்தோம். பழைய ஆண்டறிக்கைகள் அடுக்கியிருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கையின் அட்டையில் ஒரு சிறுமி. மூக்கு ஒழுக, வெறுங்காலோடு, குழாயடியில் நிற்கிறாள். நாங்கள்தான் எடுத்தோம். நிதி கேட்டு அனுப்பும் அறிக்கைக்கு அந்த மாதிரிப் படம்தான் எடுபடும் என்று தெரிந்தே எடுத்தோம். பெயர் போடவில்லை. அவள் அம்மாவிடம் கேட்கவுமில்லை. அந்தச் சிறுமிக்கு அன்று காய்ச்சல் என்பதால்தான் மூக்கு ஒழுகியது, செருப்பு வாசலில் கிடந்தது என்று இப்போது அவள் அம்மா சொல்கிறார். நாங்களும் லாரியை வெட்டியவர்கள்தான். எங்கள் விஷயத்தில் வெட்டப்பட்டது ஒரு ஜோடிச் செருப்பு.

மாற்று இல்லாமல் இல்லை. சுதாரக் ஓல்வே மும்பைத் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து படமெடுத்தார். 2016இல் பத்மஸ்ரீ பெற்றபோதும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்டது அந்த வேலைதான். நம் மதுரையில் மீன் விற்ற தாயின் மகனான எம். பழனிக்குமார், ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழிகளில் இறந்தவர்களின் வீடுகளுக்கு மீண்டும் மீண்டும் போய், அவர்களுடைய பிள்ளைகளைப் படமெடுத்தார். அவர் படங்களில் குழந்தைகள் நேராக நம்மைப் பார்ப்பார்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கும் அவர் புகைப்படம் கற்றுக்கொடுத்திருக்கிறார். 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே, படங்களைக் கலைக்கூடத்துக்கு வெளியே, பறக்கும் ரயில் நிலையம்வரை கொண்டுவந்தது. டிக்கெட் எடுக்க வந்தவரும் படம் பார்க்க முடிந்தது. இவையெல்லாம் எங்களுக்கு வழி காட்டின.

பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் நினைக்கவில்லை. கொல்கத்தாவின் சோனாகச்சிப் பிள்ளைகளிடம் கேமரா கொடுத்து எடுக்கப்பட்ட ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ 2005இல் ஆஸ்கர் வாங்கியது. அங்கே பாலியல் தொழிலாளர்கள் தாங்களே சங்கம் கட்டிப் போராடிய வரலாறு அந்தப் படத்தில் இல்லை என்ற விமர்சனமும் கூடவே எழுந்தது. கேமரா யார் கையில் இருக்கிறது என்பது பாதிக் கேள்வி. எதை மாட்டுவது, எதை விடுவது, யாரிடம் காட்டுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது மீதி.

சென்ற ஆண்டு ஏப்ரல் 14 அன்று எங்கள் தெருவிலேயே ஒரு கண்காட்சி வைத்தோம். இரவுப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு மாதம் போனில் எடுத்த படங்கள். பக்கத்து ஸ்டுடியோவில் அச்சடித்து, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். படத்தில் இருப்பவர் சரி என்றால்தான் படம் கொடியில் ஏறும். பெயர் எழுதியிருக்க வேண்டும். பதினோரு படங்களை வேண்டாம் என்று சொன்னார்கள். ஒரு பாட்டி, புடவை மாற்றிக்கொண்டு வந்து, "இப்போ எடு" என்றார். பிள்ளைகள் எடுத்த படங்களில் சாக்கடை குறைவு. மாடியில் புறா, கேரம் போர்டு, பறை காயவைக்கும் தாத்தா, ரேஷன் கடை வரிசை, தூங்கும் அம்மா. ஒரு பையன் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, எங்கள் தெருவுக்கு வந்து வேனிலிருந்து இறங்கிப் படமெடுக்கும் ஆட்களைப் படமெடுத்திருந்தான். அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம் நின்று சிரித்தது.

இவ்வளவையும் வைத்து, கண்காட்சி நடத்துபவர்களிடம் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படத்தில் இருப்பவரின் பெயரைக் கேளுங்கள், அவர் விரும்பினால் எழுதுங்கள், வேண்டாம் என்றால் மாட்டாதீர்கள். ஒரு பிரதியை அந்த வீட்டுக்குக் கொடுங்கள். விற்றால் பங்கு கொடுங்கள். கலைக்கூடத்தில் மாட்டும் முன் எடுத்த தெருவில் ஒருநாள் மாட்டுங்கள், அங்கே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு அட்டையைத் திருத்துங்கள். கலைக்கூட வாசலில் அவர்களை நிறுத்தாதீர்கள். ஆபத்தில் இருக்கும் ஒருவரைப் படமெடுத்தால், கேமராவை இறக்கிவிட்டு யாருக்காவது போன் செய்யுங்கள். வெட்டுவதாக இருந்தாலும் வெட்டாத மூலத்தை பத்திரமாக வைத்திருங்கள். என்றைக்காவது ஒரு பெண் வந்து லாரி எங்கே என்று கேட்பார்.

அந்தத் தம்பி கண்காட்சி முடிந்ததும் வெட்டாத முழுப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, அக்கா வீட்டுக்கே கொண்டுவந்தார். கீழே அவருடைய கணவரின் பெயரைச் சரியாக எழுதியிருந்தார். அக்கா அதை வாங்கி, தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்துப் பேசினார். ஆனால் அதைச் சுவரில் மாட்டவில்லை. பழைய புடவையில் சுற்றிப் பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார்.

சுவரில் மாட்டியிருப்பது வேறு படம். மகளின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்தது. நீலச் சட்டை, எண்ணெய் தடவிச் சீவிய தலை, மடியில் குழந்தை. பின்னால் திரையில் அருவி கொட்டுகிறது.

நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அக்காவே சொன்னார். "அது கோர்ட்டுக்கு தம்பி. இது வூட்டுக்கு."

நண்பரின் அழைப்புக்கு இன்றைக்குப் பதில் எழுதுகிறோம். வருகிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளையும் வருகிறாள், அவளுக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. முகப்பில் இருக்கும் அந்தச் சிறுவனின் பெயரை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.